கேட்டதும் சொன்னதும்: 111 திருகுகளும் ஒரு கைப்பிடியும்

போன இதழில், விண்வெளியில் பூமியைச் சுற்றிவரும் ஹபிள் தொலைநோக்கியைப் பற்றி நாலு வரி எழுதினேன். அங்கே போன விண்வெளி வீரர் ஒருவர் கைப்பிடியை இழுத்துப் பிய்த்துவிட்டுத்தான் பழுது பார்க்க ஆரம்பித்தார் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். வந்தது வினை. இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் அந்தக் கைப்பிடியைப் பற்றித்தான். சரி, இந்த இதழ் முழுக்க ஹபிளுக்கே. மற்ற கேள்விகளைக் கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் விஞ்ஞானி அல்ல. முப்பத்தொரு வருடம் ஆய்வுக்கூடக் கருவிகளைப் பழுது பார்த்தவன். நுண்ணோக்கி, தராசு, நிலம் அளக்கும் தியோடலைட், இந்த வகையறா. அதனால் ஹபிள் எந்த நட்சத்திரத்தைப் பார்த்தது என்று கேட்டால் கொஞ்சம் தடுமாறுவேன். எந்த மூடியை எப்படிக் கழற்றினார்கள் என்று கேட்டால் நிறுத்த மாட்டேன்.

கேள்வி: எடையே இல்லாத இடத்தில் ஒரு திருகைத் திருப்பினால் திருகு சுற்றுமா, ஆள் சுற்றுவாரா? (பத்தாம் வகுப்பு மாணவி)

பதில்: ஆள்தான் சுற்றுவார். நீ சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாய், அம்மா. நாம் தரையில் நின்று ஒரு திருகை முடுக்கும்போது, திருகு நம்மைத் திருப்பித் தள்ளுகிறது. அதை நம் கால் தரையில் அழுத்தித் தாங்கிக்கொள்வதால் நமக்குத் தெரிவதில்லை. மிதக்கிறவருக்குத் தரை கிடையாது. இறுகிய திருகில் திருப்புளியை வைத்து முறுக்கினால் திருகு அப்படியே இருக்கும், அவர் எதிர்ப்பக்கம் சுழல ஆரம்பிப்பார்.

அதனால் எந்த வேலைக்கும் முதல் வேலை, காலை ஊன்ற இடம் பண்ணிக்கொள்வது. பூட்ஸின் குதிகாலைச் செருகித் திருப்பினால் பிடித்துக்கொள்ளும் தட்டு ஒன்று உண்டு. அதை ஹபிளின் உடம்பிலேயே பொருத்தலாம், அல்லது ஆட்களை ஏற்றிப் போய்த் திரும்பிவரும் ஷட்டில் விண்கலத்தின் 15 மீட்டர் நீள இயந்திரக் கையின் நுனியில் மாட்டலாம். உள்ளே உட்கார்ந்து அந்தக் கையை இயக்குகிறவர்தான் வெளியே இருப்பவருக்கு ஏணியும் முக்காலியும். 2009-இல் அந்தக் கையை இயக்கியவர் மேகன் மெக்ஆர்தர். வெளியே போனவர்களின் படங்கள்தான் எல்லோருக்கும் தெரியும், இவர் படம் அவ்வளவாகக் கண்ணில் படாது.

கருவி என்று பார்த்தால், துப்பாக்கிப் பிடி மாதிரி இருக்கும் மின் திருப்புளி. எவ்வளவு விசையில் முறுக்க வேண்டும், எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்று முன்கூட்டியே அதில் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் மறந்துவிடாதே. எடை இல்லை என்றாலும் நிறை அப்படியே இருக்கிறது. குளிர்சாதனப் பெட்டி அளவு கருவியை ஒரு விரலால் நகர்த்தலாம். ஆனால் நகர ஆரம்பித்ததை நிறுத்தவும் அதே அளவு பாடுபட வேண்டும். அவசரப்பட்டுத் தள்ளினால் போய் இடித்துவிட்டுத்தான் நிற்கும்.

கேள்வி: நான் தையல் வேலை செய்பவள். விரலில் ஒரு கட்டுப் போட்டாலே எனக்கு ஊசி பிடிக்க வராது. அவ்வளவு தடிமனான கையுறையோடு அவர்கள் எப்படிச் சின்னத் திருகுகளைக் கழற்றினார்கள்?

பதில்: கையுறையின் தடிமனை விடப் பெரிய தொல்லை அதற்குள் இருக்கும் காற்று. விண்வெளி உடைக்குள் தூய ஆக்ஸிஜன், நாம் சுவாசிக்கும் காற்றழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவான அழுத்தத்தில் இருக்கும். வெளியே வெற்றிடம். ஆகவே உடை முழுக்க ஊதின பலூன் மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும். விரலை மடக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பலூனை நசுக்கியாக வேண்டும், விட்டால் அது தானே விரிந்துகொள்ளும். ஏழு மணி நேரம் இதையே செய்தால் முன்கை மரத்துப் போகும். நகம் கழன்று போனவர்களும் உண்டு.

1993-இல் ஹபிளுக்குப் போன ஸ்டோரி மஸ்கிரேவ், புறப்படுவதற்குச் சில மாதம் முன்பு குளிரான வெற்றிட அறையில் கருவிகளைச் சோதித்துப் பார்த்தபோது விரல்களில் உறைபனிக் காயம் பட்டது. அவர் மருத்துவரும் கூட. அப்படியும் அந்த டிசம்பரில் போய் மூன்று முறை வெளியே இறங்கி வேலை செய்தார். அப்போது அவருக்கு வயது 58.

நீங்கள் ஊசி பிடிப்பதைப் போல அங்கே எதையும் பிடிக்க முடியாது, அம்மா. அதனால்தான் ஹபிளில் மாற்றப்பட வேண்டிய பாகங்களை எல்லாம் தொடக்கத்திலேயே பெரிய போல்ட்டுகளோடும், கதவுகளோடும், பிடித்துக்கொள்ள மஞ்சள் கைப்பிடிகளோடும் கட்டியிருந்தார்கள். சின்னத் திருகுகளின் கதை பிறகு வந்த வினை. கீழே சொல்கிறேன்.

கேள்வி: சென்ற இதழில் “ஹபிளின் ஆடியில் இருந்த குறையை விண்வெளி வீரர்கள் சரிசெய்தார்கள்” என்று எழுதியிருந்தீர்கள். ஆடியை யாரும் தொடவே இல்லை. திருத்தம் வெளியிடுவீர்களா? (ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்)

பதில்: வெளியிடுகிறேன், ஐயா. நீங்கள் சொல்வதுதான் சரி. அன்று எழுதிய வரி தவறு. அந்த ஆடி இன்றைக்கும் அதே குறையோடுதான் மேலே சுற்றிக்கொண்டிருக்கிறது.

நடந்தது இது. 1990 ஏப்ரலில் ஹபிள் மேலே போனது. முதல் படங்கள் வந்தபோது நட்சத்திரங்களைச் சுற்றி ஒரு மங்கல் வட்டம். 2.4 மீட்டர் அகலமுள்ள முதன்மை ஆடியின் விளிம்பு, இருக்க வேண்டியதைவிட சுமார் 2 மைக்ரான் தட்டையாக இருந்தது. தலைமுடியின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்கு. நன்றாகவே மெருகேற்றிய ஆடிதான். தவறான வடிவத்துக்கு மிகத் துல்லியமாக மெருகேற்றிவிட்டார்கள், அவ்வளவுதான்.

காரணம்தான் என்னைப் போன்றவர்களுக்கு இரவுத் தூக்கத்தைக் கெடுப்பது. ஆடியின் வடிவத்தைச் சோதிக்கும் கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளி அமைந்துவிட்டது. அந்த லென்ஸின் இடத்தை அளக்க ஓர் அளவுகோல் தண்டு. தண்டின் நுனியில் ஒளி பட்டுத் திரும்ப வேண்டும். நுனிக்கு மேல் ஒரு சிறு மூடி, அதில் ஒளி திரும்பாதபடி கறுப்புப் பூச்சு. அந்தப் பூச்சு ஓரிடத்தில் உதிர்ந்திருந்தது. ஒளி அங்கேயே பட்டுத் திரும்பியது. அதைத் தண்டின் நுனி என்று எடுத்துக்கொண்டார்கள். லென்ஸ் அந்த இடத்துக்கு வரவில்லை என்றதும், ஏன் வரவில்லை என்று கேட்காமல் வாஷர் போட்டு இறக்கிவிட்டார்கள். வாஷர், ஐயா! வேறு இரண்டு சோதனைகள் ஏதோ தப்பு என்று காட்டவும் செய்தன. அவை துல்லியம் குறைந்தவை என்று ஒதுக்கிவிட்டார்கள்.

நானும் என் வேலைக் காலத்தில் அளவு பொருந்தாத இடத்தில் வாஷர் போட்டு ஒப்பேற்றியிருக்கிறேன். இந்த விசாரணை அறிக்கையின் சாரத்தைப் படித்த பிறகு அந்தப் பழக்கம் போய்விட்டது.

ஆடியைக் கழற்ற முடியாது. கீழே கொண்டுவந்து திரும்ப ஏற்றுவதும் சரிப்பட்டு வராது என்று முடிவானது. ஆனால் குறை எவ்வளவு, எந்தப் பக்கம் என்பது கணக்காகத் தெரிந்துவிட்டதே. அதற்கு நேர் எதிரான குறையை வேண்டுமென்றே வைத்துச் சின்ன ஆடிகள் செய்தால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும். மூக்குக் கண்ணாடி செய்வதும் இதையேதான். புதிய கேமராவுக்குள் இந்தத் திருத்தத்தை வைத்தே கட்டினார்கள். மற்ற கருவிகளுக்காக, காஸ்டார் என்ற தொலைபேசிக் கூண்டு அளவுப் பெட்டி. அதிலிருந்து நீளும் கைகளில் நாணய அளவுச் சின்ன ஆடிகள். அந்தக் கைகளை எப்படி உள்ளே நுழைப்பது என்று குழம்பிக்கொண்டிருந்தபோது, ஜிம் க்ராக்கர் என்ற பொறியாளர் ஜெர்மனியில் தங்கியிருந்த ஓட்டல் குளியலறையில், கம்பியில் மேலும் கீழும் நகர்ந்து மடங்கும் ஷவரைப் பார்த்தார். யோசனை அங்கே பிறந்தது. 1993 டிசம்பரில் எண்டெவர் விண்கலத்தில் போனவர்கள் ஐந்து நாள் ஐந்து முறை வெளியே இறங்கி, மொத்தம் 35 மணி 28 நிமிடம் வேலை செய்து இதையெல்லாம் பொருத்தினார்கள். காஸ்டாருக்கு இடம் வேண்டுமென்று, ஏற்கெனவே இருந்த ஒளிமானி ஒன்றைக் கழற்றிக் கீழே கொண்டுவந்துவிட்டார்கள்.

அந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்த இடம் இதெல்லாம் இல்லை. முதல் நாள், தொலைநோக்கி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சொல்லும் ஜைரோக்களை மாற்றிவிட்டுக் கதவைச் சாத்தப் போனால் சாத்த முடியவில்லை. போல்ட்டுகள் நேர்க்கோட்டுக்கு வரவில்லை. வெயிலும் குளிரும் பட்டு உலோகம் கொஞ்சம் கோணியிருந்தது. கடைசியில் மஸ்கிரேவும் ஜெஃப்ரி ஹாஃப்மனும் சரக்கை இழுத்துக் கட்டும் பட்டைக் கருவி ஒன்றைக் கதவில் மாட்டி, ஒருவர் இழுக்க ஒருவர் அழுத்த, கதவைச் சாத்தினார்கள்.

கேள்வி: அந்தக் கைப்பிடிக் கதையை முழுசாகச் சொல்லுங்கள். (பதினோரு பேர் கேட்டது)

பதில்: 2009 மே 17. ஹபிளுக்குப் போன கடைசிப் பழுதுபார்ப்புப் பயணம், அட்லாண்டிஸ் விண்கலம், நான்காவது விண்வெளி நடை. வெளியே இருந்தவர்கள் மைக் மாசிமினோவும் மைக்கேல் குட்டும். பழுது பார்க்க வேண்டியது நிறமாலைக் கருவி ஒன்று. நட்சத்திர ஒளியைப் பிரித்து, அது எதனால் ஆனது, எந்த வேகத்தில் போகிறது என்று சொல்லும் கருவி. 2004 ஆகஸ்டில் அதன் மின்வழங்கும் சர்க்யூட் பலகை போய்விட்டது.

பலகையை மாற்றுவது பெரிய விஷயமே இல்லை. இழுத்தால் வரும், செருகினால் போகும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு மூடி. மூடியில் 111 சின்னத் திருகுகள். ஏன் அத்தனை? மேலே வைத்து யாரும் இதைத் திறக்கப் போவதில்லை என்று நினைத்தார்கள். கருவி கெட்டால் முழுக் கருவியையும் கழற்றிவிட்டு வேறொன்று வைப்பதுதான் அசல் திட்டம். ஆகவே பூமியில் ஒருவர் மேசையில் வைத்து, ஒவ்வொன்றாக, பசை தடவி, இனி இது கழலாது என்ற நிம்மதியோடு முடுக்கியிருக்கிறார். அந்த ஆள் யாரென்று எனக்குத் தெரியாது. நன்றாக வேலை செய்தவர். அதுதான் சிக்கலே.

அந்தத் திருகுகளில் ஒன்று நழுவி உள்ளே போனாலும் தொலைநோக்கிக்கு ஆபத்து. அதனால் ஓர் ஒளிபுகும் பிளாஸ்டிக் தட்டுச் செய்தார்கள். மூடியின் மேல் அதைப் பொருத்திவிட்டால், ஒவ்வொரு திருகுக்கும் நேராக ஒரு துளை. திருப்புளியின் நுனி நுழையும், திருகின் தலை வெளியே வராது. கழன்ற திருகுகள் எல்லாம் தட்டுக்கு அடியிலேயே சிறைப்பட்டுக் கிடக்கும். நான் பார்த்த கருவிகளிலேயே மிக அழகான ஒன்று இந்தத் தட்டு. என் பட்டறைக் காலத்தில் இந்த யோசனை எனக்கு வந்திருந்தால் எத்தனை நாள் தரையில் மண்டியிட்டுக் காந்தத்தோடு தேடுவது மிச்சமாகியிருக்கும்!

தட்டைப் பொருத்த வேண்டுமானால் வழியில் ஒரு கைப்பிடி. நாலே நாலு திருகு. பயிற்சியில் யாரும் கவலைப்படாத பகுதி அது. மாசிமினோ மேலே இரண்டைக் கழற்றினார். கீழே இடப்பக்கம் கழன்றது. கீழே வலப்பக்கத்தில் திருப்புளி சுற்றுகிறது, திருகு சுற்றவில்லை. காடி மழுங்கிப் போய்விட்டது.

இந்த இடத்தில் பழுது பார்க்கிறவனுக்கு வயிற்றில் ஒன்று நடக்கும். கருவியைக் கையில் எடுத்த எல்லோருக்கும் தெரியும். ஒரு தியோடலைட்டில் எனக்கு அப்படி ஆனது. அவசரத்தில் தப்பான அளவுத் திருப்புளியை வைத்து அழுத்திவிட்டேன். பிறகு அந்தத் தலையைத் துளைபோட்டு எடுத்து, தூளெல்லாம் உள்ளே போய், மூன்று நாள் வேலை. எனக்காவது மேசை விளக்கு இருந்தது, போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வர நேரம் இருந்தது. அவருக்கு உடைக்குள் இருக்கும் ஆக்ஸிஜன்தான் கணக்கு. அந்த நாலாவது திருகு வராவிட்டால் கைப்பிடி வராது, தட்டுப் பொருந்தாது, 111-இல் ஒன்றைக்கூடத் தொட முடியாது. ஐந்து வருடத் தயாரிப்பு அத்தோடு முடிந்தது.

கீழேயிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார்கள். வேறு நுனி போட்டுப் பாருங்கள். இடுக்கி கொண்டுவாருங்கள், ஒட்டும் டேப் கொண்டுவாருங்கள். ஒவ்வொன்றுக்கும் அவர் பாகங்கள் வைத்திருக்கும் பெட்டி வரை விளிம்பைப் பிடித்துப் பிடித்துப் போய்வர வேண்டும். இதற்கிடையே மேரிலாந்தில் உள்ள காடர்ட் விண்வெளி மையத்தில் சில பொறியாளர்கள் அதே மாதிரி ஒரு கைப்பிடியை ஒரே ஒரு திருகில் மாட்டி இழுத்துப் பார்த்தார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை வேறு. சுமார் 27 கிலோ எடைக்கு ஈடான இழுப்பில் அது பிய்த்துக்கொண்டு வந்தது. உடனே மேலே சொன்னார்கள்: டேப்பைச் சுற்றுங்கள், இழுத்து உடையுங்கள். டேப் எதற்கென்றால், உடையும்போது துண்டு தெறித்தால் அது உடையையும் கிழிக்கலாம், தொலைநோக்கிக்குள்ளும் போகலாம்.

முன்னும் பின்னும் ஆட்டி, ஓர் இழுப்பு. வந்துவிட்டது.

அதற்குப் பிறகும் சும்மா விடவில்லை. மின் திருப்புளியின் பேட்டரி தீர்ந்துபோய், அவர் திரும்பவும் போய் மாற்றிக்கொண்டு வந்தார். 111-உம் கழன்றது, பழைய பலகை வந்தது, புதிய பலகை போனது. எட்டு மணி இரண்டு நிமிடம். புதிதாகப் போட்ட மூடியில் எத்தனை திருகு தெரியுமா? ஒன்றுமில்லை. இரண்டு நெம்புகோல்கள், மடக்கினால் பூட்டிக்கொள்ளும். இத்தனை பாடும் பட்டபிறகுதான் அந்த மூடி வந்தது. முதலிலேயே அப்படி வைத்திருந்தால் ஒரு மணி நேர வேலை.

கேள்வி: எட்டு மணி நேரம் வெளியே என்றால் இயற்கை உபாதைக்கு என்ன செய்வார்கள்?

பதில்: பெரியவர்களுக்கான டயபர். குடிக்க, நெஞ்சுப் பக்கம் உடைக்குள் ஒரு தண்ணீர்ப் பை, வாய்க்கு எட்டும் குழாயோடு. அடுத்த கேள்வி.

கேள்வி: நான் டூவீலர் மெக்கானிக். வண்டியை ஓட விட்டுக்கொண்டே வயரிங் வேலை பார்க்க மாட்டோம். ஹபிளை ஆஃப் செய்துவிட்டா வேலை பார்த்தார்கள்?

பதில்: தம்பி, இத்தனை கடிதத்தில் தொழில் தெரிந்தவர் கேட்ட கேள்வி இதுதான். பொதுவாக வேலை நடக்கும் பகுதிக்கு மட்டும் மின்சாரத்தை நிறுத்துவார்கள். மொத்தமாக நிறுத்த மாட்டார்கள். நிழல் பக்கம் போனால் கடுங்குளிர், சூடேற்றிகள் ஓடாவிட்டால் உள்ளே இருக்கும் மென்மையான பாகங்கள் கெட்டுப்போகும்.

ஆனால் 2002 மார்ச்சில் வேறு வழியில்லாமல் போயிற்று. சூரியத் தகடுகளும் பேட்டரிகளும் தரும் மின்சாரம் முழுவதையும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி பழுதாகிக்கொண்டிருந்தது. அதை மாற்ற வேண்டுமானால் மெயினையே அணைக்க வேண்டும். 1990-இல் மேலே போனதிலிருந்து ஹபிள் ஒருமுறைகூட முழுதாக அணைந்ததில்லை. பன்னிரண்டு வருடம் ஓடின இயந்திரத்தை அணைத்தால் திரும்ப உயிர் பெறுமா என்ற பயம் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அன்று ஜான் கிரன்ஸ்ஃபெல்ட் வெளியே போகத் தயாரானபோது அவருடைய உடைக்குள் தண்ணீர் கசிந்தது. பகுதியை மாற்றிக்கொண்டு கிளம்ப இரண்டு மணி நேரத் தாமதம். ஹபிளோ ஏற்கெனவே அணைக்கத் தொடங்கப்பட்டு ஆறிக்கொண்டிருக்கிறது. அந்தப் பெட்டியில் 36 இணைப்பிகள், நெருக்கி நெருக்கி. இதுவும் மேலே வைத்துக் கழற்றுவதற்காகச் செய்த பாகம் இல்லை. கழற்றி, புதியதை வைத்து, 36-ஐயும் திரும்ப மாட்டினார்கள். பிறகு ஸ்விட்சைப் போட்டார்கள். எல்லாம் எரிந்தது.

கேள்வி: கருவிகள் கைதவறி மிதந்து போனதுண்டா?

பதில்: எல்லாவற்றையும் கயிறு போட்டுக் கட்டித்தான் வைத்திருப்பார்கள். அப்படியும் நடந்திருக்கிறது. ஹபிளில் அல்ல, சர்வதேச விண்வெளி நிலையத்தில். 2008 நவம்பரில் ஹைடிமேரி ஸ்டெஃபனிஷின்-பைப்பர் வேலை செய்துகொண்டிருந்தபோது கிரீஸ் துப்பாக்கி ஒழுகிப் பை முழுக்கக் கிரீஸ். அதைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது பை நழுவியது. எட்டிப் பிடிக்க முடியவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பை தனியே பூமியைச் சுற்றி, தரையிலிருந்து சிலர் தொலைநோக்கியில் அதைப் பார்த்தும், கடைசியில் 2009 ஆகஸ்டில் காற்றுமண்டலத்தில் எரிந்துபோயிற்று.

ஹபிளில் வேண்டுமென்றே விட்டதும் ஒன்று உண்டு. 1993-இல் பழைய சூரியத் தகடு ஒன்று வளைந்துபோய்ச் சுருட்ட வரவில்லை. கேத்ரின் தார்ன்டன் அதைத் தலைக்கு மேல் பிடித்து மெதுவாகக் கையை எடுத்தார். விண்கலம் விலகிப் போகும்போது அதன் உந்திகளின் காற்று பட்டு, தகடு பெரிய பறவை சிறகடிப்பது மாதிரி அடித்துக்கொண்டே போனது. அந்தக் காட்சிப்பதிவை வாய்ப்புக் கிடைத்தால் பாருங்கள்.

கேள்வி: இத்தனை உயிராபத்தும் செலவும் எதற்கு? புதிதாக ஒன்றைச் செய்து ஏவினால் போகாதா? ரோபோவை அனுப்பக் கூடாதா? (கோபமாக எழுதியிருக்கும் ஒரு வாசகர்)

பதில்: கோபம் நியாயமானது. இதே கேள்வியை நாசாவே தன்னைக் கேட்டுக்கொண்டது. 2003 பிப்ரவரி 1-ஆம் தேதி கொலம்பியா விண்கலம் சிதறி, கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேர் இறந்தார்கள். 2004 ஜனவரியில் நாசா தலைவர் ஷான் ஓ’கீஃப், இனி ஹபிளுக்கு ஆள் போக வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். காரணம் இருந்தது. விண்வெளி நிலையத்துக்குப் போகும் விண்கலத்தில் சேதம் என்றால் நிலையத்திலேயே தங்கிக்கொள்ளலாம். ஹபிள் சுற்றும் பாதையிலிருந்து நிலையத்தின் பாதைக்கு மாற எரிபொருள் போதாது. ஒதுங்க இடம் கிடையாது.

ரோபோவையும் யோசித்தார்கள். ஆராய்ந்த நிபுணர் குழு, குறித்த காலத்துக்குள் ரோபோவை நம்ப முடியாது, ஆளை அனுப்புவதே மேல் என்றது. 2006 அக்டோபர் 31 அன்று புதிய தலைவர் மைக்கேல் கிரிஃபின் அனுமதி தந்தார். ஆனால் ஒரு நிபந்தனையோடு. 2009-இல் அட்லாண்டிஸ் கிளம்பியபோது, பக்கத்து ஏவுதளத்தில் எண்டெவர் நின்றுகொண்டிருந்தது, ஏதாவது ஆனால் போய்க் கூட்டிவர. ஆகவே ஆபத்தைப் பெரிதாக எண்ணாமல் போனார்கள் என்று சொல்ல முடியாது.

செலவைப் பற்றி உங்களோடு வாதாட நான் வரவில்லை. ஆனால் “ரோபோ போதும்” என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். மழுங்கின திருகு அன்று காலை வரை யார் பட்டியலிலும் இல்லை. சாத்தாத கதவும் இல்லை. பட்டியலில் இல்லாதது வரும்போது, ஒரு நிமிடம் கையை எடுத்துவிட்டு யோசிக்கிற ஆள் வேண்டும். அன்றைய ரோபோக்கள் அப்படி இல்லை. இன்றைக்கு இருக்கலாம், நாளைக்கு வரலாம்.

கேள்வி: தண்ணீருக்குள் பயிற்சி எடுப்பார்களாமே. நீச்சல் தெரிந்தால் போதுமா? (கல்லூரி மாணவர்)

பதில்: ஹூஸ்டனில் அதற்கென்றே ஒரு குளம். 62 மீட்டர் நீளம், 31 மீட்டர் அகலம், 12 மீட்டர் ஆழம். உடையோடு இறக்கி, மூழ்காமலும் மிதக்காமலும் இருக்கும்படி எடையைச் சரிக்கட்டுவார்கள். ஹபிளின் மாதிரி உருவங்களை உள்ளே வைத்து அதே கதவு, அதே போல்ட் என்று மாதக்கணக்கில் பழகுவார்கள். ஆனால் குளம் ஒரு விஷயத்தில் பொய் சொல்லும். தண்ணீர் எதையும் இழுத்துப் பிடித்து நிறுத்திவிடும். மேலே எதுவும் தானாக நிற்காது. அப்புறம், தலைகீழாக இருந்தால் குளத்தில் இரத்தம் தலைக்கு ஏறும். மேலே தலை எது, கால் எது?

கேள்வி: இனி யாராவது ஹபிளுக்குப் போவார்களா?

பதில்: இப்போதைக்கு யாரும் போகவில்லை. ஷட்டில்கள் 2011-இல் ஓய்வு பெற்றுவிட்டன. 2009-இல் போட்ட ஆறு ஜைரோக்களில் பெரும்பாலானவை போய்விட்டன. 2024 ஜூன் முதல் ஒரே ஜைரோவில் ஓட்டுகிறார்கள், இன்னொன்று கைவசம் இருப்பாக. ஜைரோ என்பது தொலைநோக்கி எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் திரும்புகிறது என்று சொல்லும் கருவி. உள்ளே ஒரு சக்கரம் நிமிடத்துக்கு 19,200 சுற்று சுற்றும். அது கெட்டியான திரவத்தில் மிதக்கும் உருளைக்குள் இருக்கிறது. அதற்கு மின்சாரம் தரும் கம்பிகள் முடியளவு மெல்லியவை. சக்கரத்தை விட அந்தக் கம்பிகள்தான் அரித்து அறுந்துபோகும். தனியார் ஒருவர் தானே போய்ப் பழுது பார்த்துத் தருகிறேன் என்று முன்வந்தார். நாசா, ஆபத்தைக் கணக்கிட்டு, இப்போது வேண்டாம் என்றது.

2021-இல் போன ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியோ 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே யாரும் திருப்புளியோடு போக முடியாது, அதைத் திறக்கும்படி கட்டவும் இல்லை.

ஆனால் இந்தத் தொழில் நின்றுவிடவில்லை. விண்வெளி நிலையத்துக்கு வெளியே நைசர் என்ற எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கி இருக்கிறது. அதன் மெல்லிய மறைப்புத் தாள்களில் கிழிசல் விழுந்து, 2023 மே முதல் பகல் நேரத்தில் சூரிய ஒளி உள்ளே கசிந்துகொண்டிருந்தது. 2025 ஜனவரி 16 அன்று நிக் ஹேக், சுனிதா வில்லியம்ஸுடன் வெளியே போய், வட்டமான கேக்கை வெட்டின துண்டு வடிவில் செய்த ஒட்டுகளைச் செருகி அடைத்தார். ஒட்டுப் போடுவதில் ஒரு குறையும் இல்லை.

கேள்வி: கழற்றின பழைய பாகங்களை அங்கேயே விட்டுவிட்டார்களா?

பதில்: பெரிய பாகங்களைக் கீழே கொண்டுவந்தார்கள். பிறகு போட்ட கருவிகள் எல்லாம் தமக்குள்ளேயே திருத்தத்தோடு வந்ததால் 2009-இல் காஸ்டாருக்கே வேலையில்லாமல் போனது. அது இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில். 1993-இல் போட்ட கேமராவையும் அதே பயணத்தில் கொண்டுவந்தார்கள். அதைக் கழற்ற ஆண்ட்ரூ ஃப்யூஸ்டல் பட்ட பாடு தனிக்கதை. ஒரு போல்ட் அசையவே இல்லை. முறுக்கு விசையை மட்டுப்படுத்தும் கருவியை எடுத்துவிட்டு, போல்ட் முறிந்தால் பழைய கேமரா நிரந்தரமாக அங்கேயே இருக்கும் என்று தெரிந்தே, முழுப் பலத்தோடு திருப்பினார். திரும்பியது.

அந்தக் கேமராவின் வெப்பம் வெளியேற்றும் வெள்ளைத் தகடு பதினைந்து வருடம் வெட்டவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தது. கீழே வந்ததும் பார்த்தார்கள், முழுக்க நுண்கற்களும் விண்குப்பையும் அடித்த சின்னச் சின்னக் குழிகள். துளைபோட்டு ஒவ்வொரு குழியாக வெட்டி எடுத்து, இது இயற்கைக் கல்லா, நாம் விட்ட குப்பையா என்று ஆராய்ந்தார்கள்.